சேக் மைதீன் செய்த நிசப்பெட்டி

கோட்டாறு கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருந்த சேக் மைதீனுக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. எதிரே வருகிறவரின் முகத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்ப்பது ஒன்று. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எந்தப் பொருளையும் கழற்றிப் பார்ப்பது இன்னொன்று. முதல் பழக்கத்தால் அவருக்குச் சோறு கிடைத்தது. இரண்டாவது பழக்கத்தால் மாமனார் வீடு கைவிட்டுப் போயிற்று.

மாமனார் சாதாரண ஆள் இல்லை. குளச்சல் சுலைமான் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்குத் தலைவரைத் தண்டல் என்பார்கள். அந்தக் கரையில் காற்று திசை மாறுவதென்றால்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மாறும் என்று மாலுமிகள் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை, மைமூன் பீவி. அவளைத்தான் 1928-இல் சேக் மைதீன் கைப்பிடித்தார்.

கல்யாண விருந்துக்குக் குளச்சல் போன புது மாப்பிள்ளை, மற்ற மாப்பிள்ளைமாரைப் போல ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருக்கலாம். விதி விடவில்லை. சுவரில் தண்டலின் பித்தளைத் தூரக்கண்ணாடி தொங்கியது. மாமனார் அயர்ந்த நேரத்தில் மாப்பிள்ளை அதை எடுத்தார், துடைத்தார், திருகினார், கழற்றினார். திரும்பப் பூட்டும்போது இரண்டு கண்ணாடி வில்லைகள் மிஞ்சின. ‘மிஞ்சியது வேண்டாததாகத்தான் இருக்கும்’ என்று நினைத்து அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார். அந்த வேண்டாத வில்லைகள்தான் உலகத்தை நிமிர்த்திக் காட்டுகிறவை என்பது, அடுத்த வாரம் நடுக்கடலில் சுலைமான் தண்டல் கொழும்புத் துறைமுகம் வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்குவதைக் கண்டபோது தெரிந்தது.

தண்டல் திரும்பி வந்தார். வாசலில் நின்று, தெரு கேட்கச் சொன்னார்:

“ஏலே, என் கண்ணுக்கு ஒரு சாமானத்த ஒழுங்காக் காட்டிட்டு வா. அதுவரைக்கும் நீயும் என் வாசப்படி ஏறப்படாது, ஒன் பொண்டாட்டியும் ஏறப்படாது!”

சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. மகளை நினைத்து அவர் எத்தனை நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாரோ, அது அந்த வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். சொல் மட்டும் அசையவில்லை.

நாலு வருஷம் ஓடியது. மைமூன் பீவி கோட்டாற்றில் மீன் வாங்கினாலும் குளச்சல் மீன்காரி இசபெல்லிடம்தான் வாங்குவாள். மீன் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

“வாப்பா எப்பிடி இருக்காரு?”

“அவருக்கென்ன கேடு! இப்பம் ரெண்டு வருசமாத் தலைப்பாவ ஒரு பக்கமாச் சரிச்சுல்லா கெட்டுகாரு. புதுமாப்பிளை கணக்கா ஒரு நடை. அவரப் பாத்து எளவட்டப் பயலுவ எல்லாம் சரிச்சுக் கெட்டிட்டு அலையானுவோ.”

மைமூன் பீவி சிரிப்பாள். பிறகு சாளை மீனைக் கழுவிக்கொண்டே அழுவாள். உப்புப் போடாமலே குழம்பு கரித்தது என்று சேக் மைதீன் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு.

1932-இல் அசம்பு மலைத் தோட்டத்துத் துரை வீட்டுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி கொடுக்கப் போனார். துரைசாணி கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த ஒரு மரக்கருவி இவர் கண்ணில் பட்டது. முன்பக்கம் இரண்டு வில்லைகள். எதிரே ஒரு அட்டை. அட்டையில் ஒரே படம் இரண்டு தடவை, பக்கத்தில் பக்கத்தில். துரைசாணி அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சேக் மைதீன் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலை. அதற்கு எவ்வளவோ முன்னால் ஒருவன் கம்பு ஊன்றி நிற்கிறான். அவனுக்கும் மலைக்கும் நடுவில் காற்று இருக்கிறது. மெய்யான காற்று! சேக் மைதீன் ஒரு கையை நீட்டி அந்தக் கம்பைப் பிடிக்கப் போனார். துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மலை இறங்கி வரும் வழியெல்லாம் அவர் ஒரு கண்ணை மூடி மரத்தைப் பார்த்தார், மறு கண்ணை மூடி மரத்தைப் பார்த்தார். மரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அட்டையிலிருந்த இரண்டு படங்களும் ஒன்று இல்லை, இதேபோல் கொஞ்சம் நகர்ந்தவை என்று பிடிபட்டது. பத்து வருஷம் கண்ணோடு தொழில் செய்தவர், அல்லா மனிதனுக்கு இரண்டு கண் கொடுத்தது ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். இடது கண் ஒரு சாட்சி சொல்கிறது, வலது கண் வேறு சாட்சி சொல்கிறது, இரண்டையும் கேட்டு மூளை தூரத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறது. இந்தச் சங்கதி தெரிந்த அன்று அவர் இரண்டு தடவை கல் தடுக்கி விழுந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடந்ததுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “மைமூன், ஒன் வாப்பாக்குக் காட்ட ஒரு சாமானம் கெடச்சாச்சு” என்றார்.

மைமூன் பீவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நாலு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். ஆனாலும் அவள் தண்டல் மகள்.

“ஒண்ணு சொல்லுகேன், கேட்டுக்கிடுங்கோ. இதும் தலைகீழாத் தெரிஞ்சுதுன்னா நான் ஒங்களோட பேசமாட்டேன்.”

“தலைகீழாத் தெரியாது.”

“சத்தியமா?”

“சத்தியமா” என்றார் சேக் மைதீன். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார். வேறு மாதிரி தெரியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பெட்டி செய்வது பெரிய காரியமாக இல்லை. வெள்ளெழுத்துக்கு விற்கும் வில்லையில் கனமானதாக இரண்டு எடுத்தார். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையில் இரண்டரை அங்குலம் என்பது கண்ணாடி விற்கிறவருக்கு மனப்பாடம். பலாப்பலகையில் பெட்டி, ஒரு கண்ணின் படத்தை மறு கண் எட்டிப் பார்க்காமலிருக்க நடுவில் ஒரு தடுப்பு. நிசத்தைக் காட்டும் பெட்டி என்பதால் நிசப்பெட்டி என்று பேரும் வைத்தார்.

படம்தான் பாடு. நாகர்கோவிலில் படப்பிடிப்புக்கடை வைத்திருந்த ஜெபசீலன் அவருக்குச் சிநேகிதர். ஆள் சிரித்தால் படம் கெடும் என்று நம்புகிறவர். அதனாலேயே அவர் எடுத்த கல்யாணப் படங்களில் எல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப்போல இருப்பார்கள். அவரிடம் ஒற்றைக் கண் காமிராதான் இருந்தது. அதனால் சேக் மைதீன் ஒரு நீளப் பலகையில் காடி வெட்டிக் கொடுத்தார். காமிராவைப் பலகையில் வைத்து ஒரு படம். இரண்டரை அங்குலம் நகர்த்தி இன்னொரு படம். நடுவில் உலகம் அசையாமல் இருந்தால் போதும்.

உலகம் அசைந்தது. முதல் முயற்சியில் ஒரு ஆடு குறுக்கே நடந்தது. ஒரு படத்தில் தலை, மறு படத்தில் வால். பெட்டிக்குள் பார்த்த ஜெபசீலனுக்கு இரண்டு நாள் தலைவலி. அடுத்த முயற்சியில் ஒரு காகம் இடது கண்ணுக்கு மட்டும் இருந்தது. வலது கண்ணுக்கு இல்லை. பெட்டிக்குள் அது இருந்தும் இல்லாமலும் மினுங்கியது.

“ஓய் சேக்கு, இது காக்கையா இல்ல காக்கைக்க ஆவியா?” என்றார் ஜெபசீலன்.

கடைசியில் குளச்சலுக்கே போனார்கள். மழைக்காலம் என்பதால் தண்டலின் தோணி கரையேற்றிக் கிடந்தது. முன்னால் மணலில் நங்கூரம், பின்னால் தோணி, அதற்கும் பின்னால் தென்னை வரிசை. தண்டல் மத்தியானம் உறங்கும் நேரம் பார்த்து, திருடர்களைப்போலக் காமிராவை நாட்டி இரண்டு கண்ணாடிப் பிளேட்டில் படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆடு இல்லை, காகம் இல்லை. கழுவிப் பார்த்தால் படம் கண்ணாடிபோலத் தெளிவு.

பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் உலகம் உள்வெளியாகக் கிடந்தது. தூரத்துத் தென்னைகள் மூக்குக்கு முன்னால் வந்து முட்டின. தோணி இருக்க வேண்டிய இடத்தில் தோணி வடிவில் ஒரு குழி. நங்கூரம் எல்லாவற்றுக்கும் பின்னால், பூமிக்குள் அமிழ்ந்ததுபோலக் கிடந்தது.

மூன்று மாதம் அவர்கள் இந்தக் குழியிலிருந்து ஏறவில்லை. வில்லையை மாற்றினார்கள். பெட்டியை நீட்டினார்கள், குறுக்கினார்கள். மூன்று தடவை குளச்சலுக்குப் போய்ப் புதுப்படம் எடுத்து வந்தார்கள். எத்தனை தடவை எடுத்தாலும் தோணி குழியாகவே வந்தது. ‘மாமனார் விட்ட சாபம், கண்ணாடி வழியாகத் துரத்துகிறது’ என்றே சேக் மைதீன் முடிவு கட்டிவிட்டார். தொழுதுவிட்டு அழுதார். ஜெபசீலனும் தம் பங்குக்கு ஜெபம் செய்து பார்த்தார்.

விடை ஒரு சாயங்காலம் பாயில் கிடந்தது. இருவரும் எடுத்த படங்களையெல்லாம் சேக் மைதீன் வீட்டுப் பாயில் பரப்பினார்கள். சேக் மைதீன் வலது கைப்பக்கம் தொடங்கி ஒன்று, இரண்டு என்று அடுக்கினார். பள்ளிவாசல் உஸ்தாதிடம் அரபு எழுத்தில் படித்தவர். எழுத்தும் வலமிருந்து ஓடும், கணக்கும் வலமிருந்து ஓடும், நல்ல காரியம் எதுவானாலும் வலதில் தொடங்கும். ஜெபசீலன் மிஷன் பள்ளியில் படித்தவர். அவர் இடது கைப்பக்கம் தொடங்கி ஒன்று, இரண்டு என்று அடுக்கினார்.

காப்பி கொண்டுவந்த மைமூன் பீவி இரண்டு வரிசையையும் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ. காமிராவ எந்தப் பக்கத்துல வச்சுத் தொடங்குனீங்கோ?”

“வலதுலதான். வேற எங்க?”

“பிளேட்டுல ஒண்ணுன்னு எழுதுனது ஆரு?”

“நான்தான்” என்றார் சேக் மைதீன்.

“அண்ணாச்சி, அட்டையில ஒண்ணாம் நம்பரை எங்க ஒட்டுனீரு?”

“இடதுல. வேற எங்க?” என்றார் ஜெபசீலன்.

மைமூன் பீவி காப்பியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைகொடுத்து நின்றாள். “வலது கண்ணுக்கு உள்ளத இடது கண்ணுக்கும், இடதுக்கு உள்ளத வலதுக்கும் காட்டுனா உலகம் என்ன செய்யும், பாவம்! நீங்க ரெண்டு பேரும் எதுக்கெதுக்க இருந்து சோறு திங்கலாம். சேந்து ஒரு தொழிலும் செய்யப்படாது.”

கத்தரிக்கோல் வந்தது. அட்டை நடுவில் வெட்டுப்பட்டது. படங்கள் இடம் மாறின. முதலில் பார்க்கும் உரிமையை இருவரும் அவளுக்கே கொடுத்தார்கள். வேறு வழியும் இல்லை, பெட்டி அவள் கையில் இருந்தது.

மைமூன் பீவி பார்த்தாள். மணலில் நங்கூரம் எடுப்பாக நின்றது. அதைத் தாண்டினால் வாப்பாவின் தோணி, வயிறு புடைத்து, தொட்டால் கையில் தார் ஒட்டும்போல. தோணிக்கும் தென்னைக்கும் நடுவில் அவள் சின்னதில் ஓடி விளையாடிய மணல். நாலு வருஷமாகக் கால் படாத மணல்! அவள் விம்மினாள். கண்ணீர் வில்லையில் விழுந்து கரை மறைந்தது. முந்தானை நுனியால் துடைத்துப் பார்த்தாள், மறுபடி அழுதாள், மறுபடி துடைத்தாள். தம் முறை வருமா என்று ஜெபசீலன் காத்துக் காத்து, காப்பியையும் குடித்து முடித்தார்.

வீட்டு வாசல்தான் ஏறக்கூடாது, கடற்கரை பொதுதானே? அடுத்த வாரமே சேக் மைதீன் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு குளச்சல் பஸ் ஏறினார். தோணி இறங்க இன்னும் பத்து நாள் இருந்தது. புன்னை மரத்தடியில் தண்டல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். சரித்துக் கட்டிய தலைப்பாகை. சுற்றிலும் அதேபோல் சரித்துக் கட்டிய மாலுமிகள். பக்கத்தில் தோணியின் முதலாளி பக்கீர் முகம்மது.

“ஆரு? கொழும்பைக் கவுத்திப் போட்ட மருமவனா?” என்றார் தண்டல். எல்லாரும் சிரித்தார்கள்.

“மாமா, சொன்னது நினைவிருக்கா? ஒரு சாமானம் காட்ட வந்திருக்கேன்.”

“காட்டு, காட்டு. இதுல கடல் மேலயா, வானம் மேலயா?”

முதலாளி ஆசைப்பட்டு முதலில் வாங்கிப் பார்த்தார். பார்த்தவர், “அல்லாவே!” என்று கையை நீட்டி இல்லாத நங்கூரத்தைப் பிடிக்கப் போனார். அதற்குப் பிறகு மாலுமிகள் தள்ளுமுள்ளு. ஒருவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நங்கூரம் இடிக்கும் என்று பயமாம். சேக் மைதீனின் நெஞ்சு பெருத்தது. இன்னும் ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும். மைமூன் இந்தப் பெருநாளைக்குப் பிறந்த வீட்டில் இருப்பாள்.

தண்டல் பெட்டியை முகத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இறக்கினார்.

“என்னலே இது? சுவத்துல ஆணியடிச்சு மாட்டுன படம் கணக்காக் கெடக்கு. இதுக்கா இந்தக் கூத்து?”

முதலாளி பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“தண்டலே, நங்கூரம் முன்னால தள்ளி நிக்கல்லியா?” என்றார் முதலாளி.

“எங்கயும் தள்ளி நிக்கல்ல. தோணியோட ஒட்டித்தான் கெடக்கு.”

சேக் மைதீனுக்கு உலகம் இரண்டாவது தடவை உள்வெளியானது. பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தார். நங்கூரம் ஜம்மென்று முன்னால் நின்றது. “இன்னொரு தரம் பாருங்க மாமா” என்று நீட்டினார்.

அப்போதுதான் அவருடைய முதல் பழக்கம் வேலை செய்தது. பெட்டியை வாங்க நீண்ட தண்டலின் கை, பெட்டியைத் தாண்டி அரைச்சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. தடவித்தான் பெட்டிக்கு வந்தது. சேக் மைதீன் குனிந்து மாமனாரின் கண்ணைப் பார்த்தார். இடது கண் கடல்போலப் பளபளத்தது. சரிந்த தலைப்பாகையின் நிழலில் வலது கண்ணின் கருமணி, கஞ்சித்தண்ணி கலந்ததுபோல வெளுத்திருந்தது.

ஊர் இளவட்டங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்ட அந்த அழகுக்கு இதுதான் அர்த்தம்!

ஒரு வார்த்தை போதும். ‘பெட்டியில் கோளாறில்லை, மாமாவுக்கு ஒரு கண் இல்லை’ என்றால் சேக் மைதீன் ஜெயித்தார். முதலாளி பக்கத்தில்தான் இருக்கிறார். ஒற்றைக் கண்ணரிடம் யார் தோணியைக் கொடுப்பார்கள்? முப்பது வருஷம் காற்றுக்கே கட்டளையிட்ட மனுஷர், பத்து நாளில் மரத்தடிக் கிழவராகிவிடுவார். சொல்லாவிட்டால் மைமூன்? வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே!

அவர் பெட்டியைத் துணியில் சுற்றினார்.

“பெட்டியிலதான் கோளாறு மாமா. பஸ்ஸில குலுங்கிப் போச்சு.”

“ஓய், எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே!” என்றார் முதலாளி.

“முதலாளிக்குப் பெரிய மனசு. கோளாறுள்ள பெட்டியிலயும் தெரியும்.”

கரை முழுக்கச் சிரித்தது. ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. ஜெயித்த தண்டல் தலைகுனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பாதி வழி போயிருப்பார் சேக் மைதீன். பின்னால் மூச்சிரைத்தது.

“ஏலே, நில்லு.”

நின்றார்.

“பெட்டியில கோளாறு இல்லல்லா?”

“இல்ல மாமா.”

“பொறவு எதுக்கு அப்பிடிச் சொன்னே?”

“வாறவனப் பாத்து ‘ஒனக்குக் கண்ணு தெரியல’ன்னு கடைத்தெருவுல நின்னு கூவுனா ஒருத்தன் எங்கிட்டக் கண்ணாடி வாங்குவானா?”

தண்டல் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “ரெண்டு வருசமாச்சு. கொழும்புல எறங்குற பலகைன்னு நெனச்சுத் தண்ணியில கால வச்சேன். குடிச்சிருக்கேன்னு சொன்னானுவோ. குடிக்காதவன் பேரு கெட்டாலும் சாரமில்லன்னு கம்முன்னு இருந்துட்டேன்.” அவிழ்த்த தலைப்பாகையைக் கையில் சுருட்டினார். “இந்தத் தரம் தோணியப் பாறையில கொண்டு வச்சிருவேனோன்னு ஒறக்கம் இல்லலே.”

“படலந்தான் மாமா. நெய்யூர் ஆசுபத்திரியில எடுப்பாங்கோ. பொறவு கண்ணாடி போடணும்.”

“ஆரு தருவா கண்ணாடி?”

“கோட்டாத்துல ஒரு மடையன் இருக்கான்.”

தண்டலுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் இருமலாக மாற்றிக்கொண்டார்.

“ஆனா கண்ணக் கெட்டிப் பத்து நாள் அசையாமக் கெடக்கணும். கஞ்சி குடுக்க ஆளு வேணும். ஒரு ஆளு உண்டு. வாசப்படி ஏறப்படாதுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்கோ.”

“சொன்னது சொன்னதுதான்லே” என்றார் தண்டல். கண்ணில் நீர் வழிந்தது, இரண்டு கண்ணிலும். சொல்லுக்கும் மகளுக்கும் நடுவில் அந்தப் பெரிய மனுஷர் வேகாத வெயிலில் நின்றார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

“அந்தப் பெட்டிக்க உள்ள என்னெல்லாம் தெரியும்? ஒண்ணொண்ணாச் சொல்லு.”

சேக் மைதீன் சொன்னார். நங்கூரம், அதன் முன்னால் ஒரு சங்கு, தோணியின் வயிறு, கயிற்றுச் சுருள், தென்னை. தண்டல் சரக்குப் பட்டியல் கேட்பவரைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை புன்னை மரத்தடியில் சுலைமான் தண்டல் அறிவித்தார். மருமகன் வழியில் பெட்டியைச் சரிசெய்து காட்டினானாம். பார்த்தாராம். நங்கூரம் கை நீட்டினால் தொடும் தூரமாம். கயிற்றில் உறைந்த உப்புக்கூடத் தெரிந்ததாம். தென்னைக்குப் பின்னால் யாரோ நடந்து போனார்களாம். படத்தில் யாரும் நடக்கவில்லை, உப்பும் இல்லை. ஆனால் அந்தக் கரையில் தண்டல் சொன்னதை இல்லையென்று சொல்ல ஆளில்லை. அதோடு விட்டிருக்கலாம். முதலாளியைத் தனியே அழைத்துக் கண் சங்கதியையும் தாமே சொன்னார். இந்தத் தடவை வேறு ஆள் தோணியை ஓட்டட்டும் என்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை குளச்சல் பஸ்ஸிலிருந்து மைமூன் பீவி இறங்கினாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. “வாப்பா!” என்ற ஒரே கூவலோடு அவள் படியேறி உள்ளே ஓடினாள். தண்டல் அவள் தலையில் கைவைத்தார்.

சேக் மைதீன் முற்றத்திலேயே நின்றார்.

“என்னலே நிக்கே? ஒனக்கு வெத்தில பாக்கு வச்சு அழைக்கணுமா?”

“மாமா, ஒங்க கண்ணுக்குக் காட்டுனாத்தான் ஏறணும்னு சொன்னீங்கோ” என்றார் சேக் மைதீன் தாழ்ந்த குரலில். “நீங்க பாக்கல்லன்னு எனக்குத் தெரியும்லா.”

தண்டல் படியிறங்கி வந்து மருமகனின் சட்டையைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காதோடு சொன்னார்:

“மடையா, தெரு பூராக் கேட்டுக்கிட்டு நிக்கி. பாத்தேன்னு சொல்லியாச்சு. இனி நீ பாக்கலன்னு சொன்னா நான் சொன்ன சொல்லு என்னாகும்? உள்ள வந்து தொலை.”

சேக் மைதீன் உள்ளே போனார். அதற்குள் மைமூன் பீவி அடுக்களையில், இந்த வீட்டில் உப்புப் பானையை யார் இடம் மாற்றியது என்று கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.